கழுத்து முறிந்த கதைக்கு முன்னால்: பேர்ட் ட்ரவுட்மானும் மன்செஸ்டர் நகரமும்

1956 மே 5, லண்டன் வெம்பிளி மைதானம். எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் மன்செஸ்டர் சிற்றி அணி பேர்மிங்ஹாம் சிற்றி அணியை 3–1 என்று முந்தி நின்றது. ஆட்டம் முடிய ஏறத்தாழ 17 நிமிடங்கள் இருந்தன. பேர்மிங்ஹாமின் முன்கள வீரர் பீற்றர் மேர்ஃபி பந்தைத் துரத்திக்கொண்டு கோலை நோக்கி ஓடிவந்தார். மன்செஸ்டர் சிற்றியின் கோல்காப்பாளர் அவருடைய கால்களுக்குள் தலையைக் கொடுத்துப் பாய்ந்து பந்தைப் பற்றினார். மேர்ஃபியின் முழங்கால் அவருடைய கழுத்தில் பலமாக மோதியது. நினைவிழந்து விழுந்தவர் எழுந்தபோது கண்கள் மங்கியிருந்தன, கழுத்து நிமிரவில்லை. அந்தக் காலத்தில் மாற்று வீரரை இறக்க முடியாது. அவர் மைதானத்தை விட்டுப் போனால் சிற்றி பத்துப் பேருடன், வேறொருவரைக் கோலில் நிறுத்தித்தான் ஆட வேண்டும். அவர் போகவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டே மீதி நேரத்தையும் ஆடி, இன்னும் சில பந்துகளைத் தடுத்து, வெற்றிக் கிண்ணத்துடன் வெளியே வந்தார். நான்கு நாட்களின் பின் மன்செஸ்டரில் எடுத்த எக்ஸ்-றே படத்தில், கழுத்து முள்ளெலும்புகள் ஐந்து இடம்பெயர்ந்திருப்பதும் அவற்றில் இரண்டாவது முள்ளெலும்பு இரண்டாக உடைந்திருப்பதும் தெரியவந்தது. மூன்றாவது எலும்பு இரண்டாவதோடு இறுகிக்கொண்டதால்தான் அவர் உயிர் பிழைத்தார்.

அந்தக் கோல்காப்பாளரின் பெயர் பேர்ட் ட்ரவுட்மான். ஜேர்மனியர். முன்னாள் நாஸிப் படைவீரர். இங்கிலாந்துக்குப் போர்க்கைதியாக வந்து சேர்ந்தவர்.

உதைபந்தாட்டத்தில் ஆர்வமுள்ள பலருக்கு இந்தக் கழுத்துக் கதை தெரியும். கையால் கழுத்தைத் தாங்கியபடி அவர் நடக்கும் கறுப்பு வெள்ளைப் படம் எழுபது வருடமாகச் சுற்றிவருகிறது. ஊடகக் கற்கையைப் பட்டப்படிப்பாகப் படித்த எனக்கு அந்தப் படத்தின் மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு வலுவான படம் கிடைத்துவிட்டால் அதற்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் அது விழுங்கிவிடும். "எதிரி நாட்டுக்காரன், கழுத்து முறிந்தும் நம் அணிக்காக ஆடினான், அதனால் நாம் அவனை ஏற்றுக்கொண்டோம்" என்று கதை மிகவும் வசதியாக முடிந்துவிடுகிறது. நடந்த வரிசை அதுவல்ல. கழுத்து முறிவதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பே மன்செஸ்டர் அவரை ஏற்கத் தொடங்கிவிட்டது. அது எப்படி நடந்தது, யார் எதைச் சொன்னதால் நடந்தது, அந்த ஏற்பு எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

பிரேமனிலிருந்து உக்ரைன் வரை

பேர்ன்ஹார்ட் கார்ல் ட்ரவுட்மான் 1923 ஒக்டோபர் 22 அன்று வட ஜேர்மனியத் துறைமுக நகரான பிரேமனில் பிறந்தார். தந்தை துறைமுகப் பகுதியில் இருந்த உரத் தொழிற்சாலையொன்றில் தொழிலாளி. முதல் உலகப்போருக்குப் பிந்திய பொருளாதார நெருக்கடியில் வளர்ந்த குடும்பம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பையனுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அந்த வருடமே அவர் நாஸிக் கட்சியின் சிறுவர் அமைப்பில் சேர்ந்தார். விளையாட்டு, முகாம், அணிவகுப்பு, சீருடை எல்லாமே அங்கே கிடைத்தன. ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் எறிதலிலும் அவர் கெட்டிக்காரர். விளையாட்டில் கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளையை எப்படித் தன்னுடையவனாக்குவது என்பது அந்த ஆட்சிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பதினேழு வயதில் தானாகவே விமானப்படையில் சேர்ந்தார். பின்னர் பரசூட் படைக்கு மாறி, 1941இல் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். உக்ரைனிலும் அதைச் சூழ்ந்த களங்களிலும் ஏறத்தாழ மூன்று வருடங்கள் போரிட்டார். முதல்தர இரும்புச் சிலுவை உட்பட ஐந்து பதக்கங்கள் கிடைத்தன. பிறகு மேற்குப் போர்முனைக்கு மாற்றப்பட்டார். ஆயிரம் பேரைக் கொண்டிருந்த அவருடைய படைப்பிரிவில் இறுதியில் எஞ்சியவர்கள் தொண்ணூறு பேர் மட்டுமே என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1945இல், போர் முடியும் தறுவாயில், பிரித்தானியப் படையினரிடம் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 21.

ட்ரவுட்மானைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியைச் சுருக்கிவிடக்கூடாது. அவர் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்ட அப்பாவி அல்ல. விரும்பிச் சேர்ந்தார், நம்பிப் போரிட்டார், பதக்கம் வாங்கினார். பிரித்தானியர் கைதிகளை விசாரித்து அவர்களின் அரசியல் நிலைப்பாட்டின்படி மூன்று தரங்களாகப் பிரித்தார்கள். நாஸி எதிர்ப்பாளர் ஒரு தரம், இடைப்பட்டவர் இன்னொரு தரம், தீவிர நாஸி மூன்றாவது தரம். ட்ரவுட்மான் முதலில் மூன்றாவது தரத்தில்தான் வைக்கப்பட்டார். பின்னர்தான் இடைத் தரத்துக்கு மாற்றப்பட்டார்.

முகாம் 50

லங்காஷயரில், ஆஷ்ரன்-இன்-மேக்கர்ஃபீல்ட் என்ற சிறுநகருக்கு அருகே இருந்த 50ஆம் இலக்க முகாமில் அவர் அடைக்கப்பட்டார். கைதிகளுக்கு அங்கே இரண்டு விடயங்கள் நடந்தன.

முதலாவது, அவர்களுக்கு உண்மை காட்டப்பட்டது. பேர்கன்-பெல்சன் வதைமுகாமைப் பிரித்தானியப் படை 1945 ஏப்ரலில் கைப்பற்றியபோது எடுக்கப்பட்ட படச்சுருளைக் கைதிகள் பார்க்க வேண்டியிருந்தது. குவிந்து கிடந்த உடல்கள், எலும்பும் தோலுமாக எஞ்சியிருந்த மனிதர்கள், பெரிய குழிகள். தன் நாட்டவர் இப்படியெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி அங்கேதான் தனக்குள் எழுந்தது என்று ட்ரவுட்மான் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். தன்னுடைய உண்மையான கல்வி இங்கிலாந்துக்கு வந்த பிறகே தொடங்கியது என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று.

இரண்டாவது, கைதிகள் மெல்ல மெல்லச் சாதாரண மனிதர்களைச் சந்தித்தார்கள். 1946இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ நான்கு லட்சம் ஜேர்மனியக் கைதிகள் இருந்தனர். வயல்களிலும் வீதிகளிலும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். போர் முடிந்த பிறகும் அவர்களை உழைப்புக்காக வைத்திருப்பது சரியா என்ற கேள்வி அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. உள்ளூர் மக்கள் அவர்களோடு பழகக்கூடாது என்று இருந்த தடை 1946 டிசெம்பரில் தளர்த்தப்பட்டது. அந்த நத்தாருக்குப் பல ஆங்கிலக் குடும்பங்கள் கைதிகளைத் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தன.

முகாமில் உதைபந்தாட்டமும் இருந்தது. ட்ரவுட்மான் முதலில் கோல்காப்பாளர் அல்ல. களத்தின் நடுவே ஆடியவர். உள்ளூர் அணியொன்றுடனான ஆட்டத்தில் காயம்பட்டபோது, ஆட்டத்தை விட்டு வெளியேற மனமில்லாமல், கோலில் நின்றவருடன் இடம் மாற்றிக்கொண்டார். அதன் பிறகு அவர் கோலை விட்டு வெளியே வரவில்லை. 'பேர்ன்ட்' என்ற அவருடைய செல்லப் பெயர் ஆங்கிலேயர் வாயில் 'பேர்ட்' ஆனது.

1948இல் விடுதலை கிடைத்தபோது ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்று முடிவெடுத்தார். அப்படித் தங்கிவிட்டவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். ட்ரவுட்மான் பண்ணை வேலை செய்தார். பின்னர் லிவர்பூலுக்கு அருகே ஹைற்றனில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் பிரிவில் வேலை செய்தார். ஜேர்மனிய விமானங்கள் போட்டுவிட்டுப் போன குண்டுகளை ஒரு ஜேர்மனியர் தோண்டியெடுத்தார். வார இறுதிகளில் செயின்ற் ஹெலன்ஸ் ரவுன் என்ற சிறு கழகத்துக்குக் கோல் காத்தார். அவரைப் பார்க்கவே கூட்டம் சேரத் தொடங்கியது. அந்தக் கழகச் செயலாளரின் மகள் மார்கரெட்டை 1950இல் திருமணம் செய்துகொண்டார்.

இருபதாயிரம் பேர்

1949 ஒக்டோபரில் முதல் பிரிவுக் கழகமான மன்செஸ்டர் சிற்றி அவரை ஒப்பந்தம் செய்தது. நகரம் கொந்தளித்தது.

அந்தக் கோபத்தை வெறும் இனவெறி என்று தள்ளிவிட முடியாது. 1940 நத்தாருக்கு முந்திய இரண்டு இரவுகளில் மட்டும் ஜேர்மனிய விமானத் தாக்குதலில் மன்செஸ்டர் பகுதியில் 680க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். போர் முடிந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. பல பொருட்களுக்கு இன்னும் பங்கீட்டு அட்டை இருந்தது. மகனையோ கணவனையோ இழந்த வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தன. லண்டனுக்கு வெளியே பிரித்தானியாவின் மிகப் பெரிய யூத சமூகமும் மன்செஸ்டரில்தான் இருந்தது. ஐரோப்பாவில் எஞ்சியிருந்த உறவினர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் அப்போதுதான் ஒவ்வொரு பெயராக அறிந்துகொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பு ஊர்வலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் கலந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. கடிதங்கள் குவிந்தன. பருவச் சீட்டு வைத்திருந்தவர்கள் இனி மைதானத்துக்கு வரமாட்டோம் என்று எச்சரித்தார்கள். இன்னொரு சுமையும் அவர் தோளில் இருந்தது. சிற்றியின் கோலில் அதுவரை நின்றவர் ஃபிராங்க் ஸ்விஃப்ற். இங்கிலாந்து அணியின் கோல்காப்பாளர், நகரத்தின் செல்லப்பிள்ளை. அவருடைய இடத்துக்கு ஒரு நாஸிப் படைவீரரா என்பது ரசிகர்களின் கேள்வி.

அணியின் உடைமாற்றும் அறையில் முதல் பேச்சைப் பேசியவர் தலைவர் எரிக் வெஸ்ற்வூட். நோர்மண்டித் தரையிறக்கத்துக்குப் பின்னான சண்டையில் ஜேர்மனியருக்கு எதிராகப் போரிட்டவர். இந்த அறைக்குள் யுத்தம் கிடையாது, மற்ற எல்லோரையும் போலவே உன்னையும் வரவேற்கிறோம் என்ற கருத்தில் அவர் சொன்ன வார்த்தைகள் அந்தக் கழகத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்டன. ஜேர்மனியரோடு சண்டையிட்ட ஒருவர் அதைச் சொன்னதால்தான் அதற்குப் பெறுமதி இருந்தது. கழக நிர்வாகி ஒருவர் அதே வசனத்தைச் சொல்லியிருந்தால் வியாபாரப் பேச்சாகவே கேட்டிருக்கும்.

ஒரு ரபியின் கடிதம்

நகரத்தின் மனநிலையைத் திருப்பியதில் முக்கிய பங்கு வகித்தவர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவர். மன்செஸ்டர் யூத சமூகத்தின் தலைமை ரபி அலெக்சாண்டர் அல்ட்மான்.

அல்ட்மான் பேர்லினில் ரபியாகப் பணியாற்றியவர், மெய்யியல் அறிஞர். 1938இல் நாஸிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தார். அவருடைய தந்தை அடொல்ஃப் அல்ட்மான் ஜேர்மனியின் ரியர் நகரத் தலைமை ரபியாக இருந்தவர். தாயும் தந்தையும் 1944இல் அவுஷ்விற்ஸில் கொல்லப்பட்டனர். ட்ரவுட்மானின் ஒப்பந்தத்துக்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர் நடந்தது அது.

அந்த அல்ட்மான்தான் மன்செஸ்டர் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான். ஜேர்மனியரின் கையில் யூதர்கள் பட்ட கொடுமை பயங்கரமானது. ஆனாலும் அந்தக் குற்றங்களோடு தொடர்பில்லாத ஒரு தனி ஜேர்மனியரை வெறுப்பின் பேரில் தண்டிக்க நாங்கள் முயலமாட்டோம். இந்த வீரர் நல்ல மனிதராக இருந்தால் அவர் ஆடுவதில் தவறில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் தகுதியை வைத்தே எடைபோட வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதில் மூன்று விடயங்கள் கவனிக்கப்பட வேண்டியவை.

ஒன்று, அவர் குற்றத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. "பழையதை மறப்போம்" என்று அந்தக் கடிதம் சொல்லவில்லை. கொடுமை நடந்தது, செய்தவர்கள் யார், பட்டவர்கள் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிய பிறகுதான் தனிமனிதரைப் பற்றிப் பேசுகிறார்.

இரண்டு, யாரும் அவரிடம் அந்த மன்னிப்பைக் கேட்டு வாங்கவில்லை. இழந்தவர் தன் வாயால், தன் நேரத்தில், தன் நிபந்தனையோடு சொன்னார். அந்தக் குரல் அரசாங்கத்திடமிருந்தோ கழகத்திடமிருந்தோ வந்திருந்தால் ஊர்வலம் போனவர்கள் இன்னும் கோபப்பட்டிருப்பார்கள்.

மூன்று, காலம். கடிதம் வந்தபோது நியூரம்பேர்க் நீதிமன்றம் நாஸித் தலைவர்களுக்குத் தீர்ப்பளித்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. பெல்சன் முகாமை நடத்தியவர்களைப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் 1945இலேயே விசாரித்துத் தண்டித்திருந்தது. நீதி முழுமையாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. எத்தனையோ பேர் தப்பினார்கள். ஆனால் நடந்தது குற்றம் என்று உலகம் பதிவு செய்திருந்தது. ஒரு கோல்காப்பாளரை நல்லவரா கெட்டவரா என்று தனியாக எடைபோடும் இடம் அதனால்தான் கிடைத்தது. குற்றமே மறுக்கப்பட்டிருந்தால், அவர் அந்த மறுப்பின் முகமாகத்தான் மைதானத்தில் நின்றிருப்பார்.

நல்லிணக்கம் என்ற சொல்லை மேடைகளில் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இந்த வரிசை பயன்படும் என்று நினைக்கிறேன். மன்செஸ்டரில் ஏற்பு கடைசியாகத்தான் வந்தது. உண்மையும் பதிவும் அதற்கு முன்பே வந்துவிட்டன.

ஃபுல்ஹம் மைதானத்தில் ஒரு மாலை

1949 நவம்பர் 19 அன்று போல்ரன் அணிக்கு எதிராக ட்ரவுட்மான் முதல் ஆட்டத்தை ஆடினார். சொந்த மைதானத்தில் கூச்சல் மெல்லக் குறைந்தது. வெளியூர் மைதானங்களில் குறையவில்லை. 1950 ஜனவரியில் சிற்றி லண்டனுக்குப் போய் ஃபுல்ஹம் அணியைச் சந்தித்தது. குண்டுவீச்சில் சிதைந்து இன்னும் கட்டி முடியாத லண்டன். ட்ரவுட்மான் வெளியே வந்ததும் "நாஸி" என்ற கூச்சல் கிளம்பியது. சிற்றி அந்தப் பருவத்தில் தோற்றுக்கொண்டிருந்த அணி. பெரிய தோல்வியை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அடுத்தடுத்துப் பந்துகளைத் தடுத்தார். சிற்றி 1–0 என்று மட்டுமே தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் நடந்து வந்தபோது இரு அணி வீரர்களும் இரு வரிசையாக நின்று கைதட்டினார்கள். கூச்சலிட்ட கூட்டமும் எழுந்து நின்றது.

சிற்றி அந்த வருடம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த வருடமே மேலே ஏறியது.

கையால் ஆட்டத்தைத் தொடங்கியவர்

அவருடைய ஆட்டத்தின் தொழில்நுட்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலக் கோல்காப்பாளர்கள் பந்தைப் பிடித்ததும் காலால் ஓங்கி உதைத்து முன்னால் அனுப்புவார்கள். அது யாரிடம் போய்ச் சேரும் என்பது அதிர்ஷ்டம். சிறுவயதில் கையெறிபந்து போன்ற விளையாட்டுகளில் பழகிய ட்ரவுட்மானின் எறிதல் பலமும் குறியும் உள்ளது. பந்தைப் பிடித்தவுடன், ஆளில்லாமல் நிற்கும் தன் அணி வீரரின் காலடிக்கு அதை எறிந்துவிடுவார். எதிரணி திரும்பி ஓடுவதற்குள் தாக்குதல் தொடங்கிவிடும்.

1953 நவம்பரில் ஹங்கேரி அணி வெம்பிளியில் இங்கிலாந்தை 6–3 என்று வென்றது. அதன் முன்கள வீரர் ஹிடெக்குற்றி பின்னால் இறங்கி நின்று ஆடியதை ஆங்கிலத் தடுப்பாளர்களால் சமாளிக்க முடியவில்லை. அதைப் பார்த்து மன்செஸ்டர் சிற்றி தனக்கென ஒரு முறையை வகுத்தது. டொன் ரெவி என்ற முன்கள வீரர் பின்னால் இறங்கி நிற்பார். அவரிடமோ கென் பார்ன்ஸிடமோ பந்து வேகமாக வந்து சேர வேண்டும். அந்த முதல் எறிதலைச் செய்தவர் ட்ரவுட்மான். 'ரெவி திட்டம்' என்று பெயர் பெற்ற அந்த முறை உண்மையில் கோல்காப்பாளரின் கையில்தான் தொடங்கியது. இன்று கோல்காப்பாளரிடமிருந்தே ஆட்டத்தைக் கட்டுவதைப் புதுமை என்று பேசுகிறோம். எழுபது வருடங்களுக்கு முன்பே அதே கழகத்தில் அதன் ஒரு வடிவம் இருந்தது.

இந்த முறையோடு சிற்றி 1955இல் எஃப்.ஏ. கிண்ண இறுதிக்கு வந்து நியூகாசிலிடம் 3–1 என்று தோற்றது. அந்த இறுதியாட்டத்தில் ஆடிய முதல் ஜேர்மனியர் ட்ரவுட்மான். அடுத்த வருடம் மீண்டும் இறுதிக்கு வந்தது. அந்தப் பருவத்தில் ஆங்கில உதைபந்தாட்ட எழுத்தாளர்கள் வருடத்தின் சிறந்த வீரராக அவரைத் தெரிவுசெய்தார்கள். அந்த விருதைப் பெற்ற முதல் கோல்காப்பாளர் அவர்தான். விருது அறிவிக்கப்பட்டது இறுதியாட்டத்துக்கு முன்னர். அதாவது, கழுத்து முறிவதற்கு முன்னரே.

கிண்ணத்துக்குப் பிறகு

வெற்றி விருந்தில் அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தார். முதலில் பார்த்த வைத்தியர்கள் சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்-றேக்குப் பிறகு பல மாதங்கள் சாந்துக்கட்டில் இருந்தார்.

அந்த நிலையில் இருக்கும்போதே, இறுதியாட்டம் முடிந்து சில வாரங்களில், அவருடைய ஐந்து வயது மூத்த மகன் வீதியில் கார் மோதி இறந்தான். கழுத்துக் கதையைச் சொல்லும் பலர் இந்த இடத்துக்கு வருவதில்லை. அந்த இழப்பிலிருந்து அவருடைய குடும்பம் மீளவில்லை. 1972இல் திருமணம் முறிந்தது.

ட்ரவுட்மான் 1964 வரை சிற்றிக்காக 545 ஆட்டங்கள் ஆடினார். அவருடைய பிரியாவிடை ஆட்டத்துக்கு 47,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மன்செஸ்டரின் இரு பெரும் கழகங்களின் வீரர்களும் அன்று ஒரே அணியாக ஆடினார்கள். பொபி சார்ள்ரனும் டெனிஸ் லோவும் அதில் இருந்தார்கள். பதினைந்து வருடங்களுக்கு முன் அவருக்கு எதிராக ஊர்வலம் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

ஆனால் ஜேர்மனிக்காக அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மேற்கு ஜேர்மனியின் பயிற்சியாளர் செப் ஹேர்பேர்கர் அவருடைய திறமையை அறிந்திருந்தும், வெளிநாட்டில் ஆடுபவர் என்பதால் அணிக்கு எடுக்கவில்லை. 1954இல் மேற்கு ஜேர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது ட்ரவுட்மான் வெளியில் நின்றார். எதிரி நாடு அவரை ஏற்றுக்கொண்டது. பிறந்த நாட்டின் சட்டை கிடைக்கவில்லை.

பின்னர் மேற்கு ஜேர்மனியின் அபிவிருத்தி உதவித் திட்டத்தின் கீழ்ப் பயிற்சியாளராக பர்மா, தன்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், வட யேமன் ஆகிய நாடுகளுக்குப் போனார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பர்மா அணி ஆடிய காலத்தில் அந்நாட்டு உதைபந்தாட்டத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையிலான உறவுக்குச் செய்த பங்களிப்புக்காக 2004இல் பிரித்தானியா அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கியது. 2013 ஜூலை 19 அன்று ஸ்பெயினில் தன் வீட்டில் இறந்தார். வயது 89.

பேசாமல் வைத்திருந்தது

2018இல் அவருடைய வாழ்க்கை திரைப்படமாக வந்தது. டேவிட் க்ரோஸ் நடித்த நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்த்த பிறகு, கட்ரின் கிளே 2010இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றை வாசித்தால் மனம் கனக்கிறது.

1941இல் உக்ரைனில் இருந்தபோது, ட்ரவுட்மானும் இன்னொரு படைவீரரும் காட்டுக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே நாஸிக் கொலைப்படையினர் பொதுமக்களைக் குழியின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். இருவரும் நிலத்தோடு ஊர்ந்து திரும்பிவிட்டார்கள். ட்ரவுட்மான் இதை வெளிப்படையாகப் பேச அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அல்ட்மான் தன் கடிதத்தை எழுதியபோது இது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குற்றங்களோடு தொடர்பில்லாதவர் என்ற நிபந்தனைக்குள் ஒரு சாட்சி அடங்குவாரா? ட்ரவுட்மான் சுடவில்லை. பதினெட்டு வயதில், அந்தப் படைக்குள் இருந்துகொண்டு, தனியாக அவரால் எதையும் தடுத்திருக்கவும் முடியாது. ஆனால் அவர் பார்த்தார். அந்தக் கொலைப்படைகளின் தலைவர்கள் 1947–48இல் நியூரம்பேர்க்கில் விசாரிக்கப்பட்டார்கள். 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதில் நான்கு பேருக்கே அது நிறைவேற்றப்பட்டது. மற்றவர்களின் தண்டனை குறைக்கப்பட்டது. கீழ்மட்டத்தில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலானோர் நீதிமன்றப் படியே ஏறவில்லை. ட்ரவுட்மான் போன்ற ஆயிரக்கணக்கானோர் கண்டதை அன்றே சொல்லியிருந்தால், குழியில் விழுந்தவர்களின் பெயரில் இன்னும் கொஞ்சம் பதிவாகியிருக்கும்.

இதைச் சொல்வதால் மன்செஸ்டர் ஏமாற்றப்பட்டது என்று நான் கருதவில்லை. அல்ட்மானின் அளவுகோல் சரியானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரு மனிதரை ஏற்றுக்கொள்வதும் நடந்ததைக் கணக்கெடுப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதை ஒரு ரபியும், ஒரு அணித் தலைவரும், மைதானத்தில் எழுந்து நின்ற கூட்டமும் செய்தார்கள். இரண்டாவதை அவர்களால் செய்ய முடியாது. அதற்கு நீதிமன்றமும் ஆவணமும் வேண்டும். கண்டவர் கண்டதைச் சொல்லவும் வேண்டும். 545 ஆட்டங்களோ முறிந்த கழுத்தோ அந்த இடத்தை நிரப்பாது.

ஒரு எதிர்வாதமும் உண்டு. நன்றாகக் கோல் காத்ததால்தானே அவரை மன்னித்தார்கள், சாதாரண கைதியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார்களா? நியாயமான கேள்வி. திறமை அவருக்குக் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் அவரோடு சேர்ந்து தங்கிவிட்ட ஏனைய 25,000 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் யாரும் பெனால்டியைத் தடுக்கவில்லை. பண்ணைகளில் வேலை செய்தார்கள், உள்ளூர்ப் பெண்களைத் திருமணம் செய்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1946 நத்தார் மேசையில் அவர்களுக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டிருந்தது. அவர்களைப் பற்றிப் படமோ சிலையோ இல்லை. ட்ரவுட்மானின் பெயர் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து நிற்கிறது.

மன்செஸ்டர் சிற்றியின் அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவருடைய பெயரில் இயங்கும் அமைப்பு, விளையாட்டின் மூலம் ஜேர்மனிய – ஆங்கில நட்புறவை வளர்க்கிறது. அங்கே போகும் பிள்ளைகளுக்குக் கழுத்துக் கதையை நிச்சயம் சொல்வார்கள். அதோடு சேர்த்து, தாயையும் தந்தையையும் அவுஷ்விற்ஸில் இழந்த ஒருவர் எழுதிய கடிதத்தையும், உக்ரைன் காட்டில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் கண்டு ஐம்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு முழுக் கதையும் கிடைக்கும்.